வரப்பில் முளைத்த புதுச் செடி



1955-ஆம் ஆண்டில் புனே நகரில் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம், பின்னர் நாடெங்கும் பரவி விளைநிலத்தைக் கெடுத்தது. தொட்டோரிற் பலர்க்குத் தோல் நோயும் தந்தது. ஆயினும் நம் வரப்பில் புதிதாய் முளைக்கும் செடி கொடிய களையாகவும் இருக்கலாம். எவரும் பதியாத அரிய இனமாகவும் இருக்கலாம். பார்வையால் மட்டும் சொல்லிவிட இயலாது.

ஆகவே பூவும் காயும் வேரும் கூடிய ஒரு செடியை எடுத்து, செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே பாரம் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துங்கள். ஓரிரு செடிகளே இருப்பின் வேரோடு பறித்தல் கூடாது; ஒரு கிளை போதும். உலர்ந்தபின் பூவின் நிறம் மங்கும். அதனை அன்றே எழுதிவையுங்கள். இடம், நாள், ஊர் வழங்கும் பெயர் ஆகியனவும் வேண்டும். பெயரை மூதாட்டியரிடம் கேளுங்கள். நம்மினும் அவர்கள் அறிவர்.

கோவையிலுள்ள இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தினர், தம்மிடமுள்ள உலர்செடிகளோடு அதனை ஒப்பிட்டு அறியவல்லவர். பெயர் தெரிந்ததும், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் வழிவந்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அதனை ஏற்றச் செய்யுங்கள்.