தெரிந்திருந்தும் வேலைக்கு வருவது ஏன்?

(செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்துப் பல்கலைக்கழக, கல்லூரி ஊழியர்களுக்காக நடைபெற்ற சுகாதாரப் பயிற்சி நாளில் நமது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை.)



பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர்களின் விழிப்புணர்வும் நோய்த் தடுப்பும் என்ற தலைப்பில் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். கோவிட் நோய் எப்படிப் பரவும் என்று அறியாதவர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்கமாட்டீர்கள். 2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதத்திலேயே நம் கல்லூரிகள் மூடப்பட்டன. யாருக்காவது தொலைபேசியில் அழைத்தால் மணி ஒலிப்பதற்கு முன்பே இருமல் சத்தமும் எச்சரிக்கையும் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். முகக்கவசம், கைகழுவுதல், இடைவெளி என்ற மூன்றையும் சின்னப் பிள்ளைகளும் ஒப்பித்தார்கள்.

ஆகவே அறிவு குறைவாக இருந்தது என்று நாம் சொல்ல இயலாது. ஆயினும் நடந்தது என்ன?

2020 டிசம்பரில் கல்லூரிகள் சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டபோது, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மாணவர்களோடு உணவுக்கூட ஊழியர்களும் இருந்தார்கள். பல விடுதியினரும் ஒரே உணவுக்கூடத்தில் கூடிச் சாப்பிட்டதே முக்கிய காரணம் என்று அரசு அதிகாரிகள் கூறினார்கள். சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றத்தானே வேண்டும்? அதன்பின் உணவு பொட்டலமாக அறைகளுக்கே அனுப்பப்பட்டது. 2022 மே மாதத்தில் நமது செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியில் மாணவர்கள் பலருக்குத் தொற்று கண்டது. நோயைப் பற்றிப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அறிவு மட்டும் வேலியாக அமையவில்லை.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு விடுதிச் சமையற்காரரிடம், "காய்ச்சலோடு மூன்று நாள் ஏன் வேலைக்குப் போனீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "போகக்கூடாதுன்னு தெரியும் டாக்டரம்மா. ரெண்டு நாள் வரலைன்னா சூப்பர்வைசர் வேற ஆளைப் போட்டுடுவாரு. சம்பளமும் பிடிப்பாங்க. வீட்ல மூணு பிள்ளைங்க."

அவருக்கு எந்தத் துண்டுப் பிரசுரமும் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது மூன்று நாள் சம்பளமும், திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதியும்தான். நான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிற செய்தி இதுவே: நோயை மறைக்காமல் சொல்பவருக்கு நஷ்டம் வராதபடி பார்த்துக்கொள்வதே, ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய முதல் தடுப்பு வேலை.

இந்தப் பாடத்தை நமது மாவட்டம் வெகுகாலத்திற்கு முன்பே கற்றது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அக்காலத்தில் தொழுநோய் என்று தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், உறவும் போகும். ஆகவே தேமலை மறைத்தார்கள், மரத்துப்போன விரலை மறைத்தார்கள். மறைத்த காலமெல்லாம் நோய் முற்றியது, பிறருக்கும் பரவியது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, நோய் முற்றிலும் குணமாகும் என்ற நம்பிக்கை பிறந்த பிறகே மக்கள் முன்வந்து தேமலைக் காட்டத் தொடங்கினார்கள். நோயாளிகளை ஒதுக்கி அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டமோ 2016இல்தான் ரத்தானது.

கோவிட் காலத்திலும் அதே அச்சம் திரும்பி வந்தது. வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள், தெருவைத் தகரத்தால் அடைத்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவும் விடாமல் கூட்டம் தாக்கியது. இவற்றைக் கண்ட சாதாரண ஊழியர் ஒருவர் தமது காய்ச்சலை வெளியே சொல்வாரா? வாசலில் அறிவிப்பு ஒட்டுவது வழக்கமான நடைமுறையாக இருக்கக்கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூற வேண்டியதாயிற்று.

இன்னொரு பாடமும் உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய மிகப்பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட எளிய ஜனங்கள் அதில் பங்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது 1979இல் வெளிவந்த முடிவு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்க அது உதவுவதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். ஆனால் ஓர் ஊசியை மட்டும் நம்பியிருக்க முடியாது, இருமுகிறவரைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவதே ஊரைக் காக்கும் என்பதை உலகுக்குக் கற்பித்தவர்கள் நமது கிராமத்து மக்களே.

நண்பர்களே, இனி நடைமுறைக்கு வருவோம். நான்கு காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, விடுப்பு. நிரந்தர ஊழியருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது. துப்புரவு, காவல், சமையல் வேலைகளில் இருப்போர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவர்கள். அவர்கள் ஈ.எஸ்.ஐ.யில் முறையாகப் பதிவாகி, சந்தா கட்டப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். பதிவாளர் அலுவலகத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, காய்ச்சல் நாட்களுக்கு ஆளை மாற்றலாம், வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய செலவல்ல.

இரண்டாவது, காற்று. தொடக்கத்தில் மேசையையும் கைப்பிடியையும் துடைப்பதிலேயே நாம் மிகுந்த கவனம் செலுத்தினோம். மூடிய அறையின் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் இந்நோய் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தெளிவாக எடுத்துரைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் நமக்குக் கடற்காற்று இலவசம். அதை வெளியே நிறுத்திவிட்டு, ஜன்னல்களைப் பூட்டி ஏ.சி. அறையில் நாற்பது பேர் உட்காருகிறோம். நோய்க் காலத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஊழியர் பேருந்திலும் வேனிலும் கண்ணாடியை இறக்குங்கள். உணவுக்கூடத்தில் இரண்டு, மூன்று பந்திகளாகப் பரிமாறுங்கள்.

மூன்றாவது, மொழி. அறிவிப்புப் பலகைகளை ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறோம். சமையலறையிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார், வங்காளத்துச் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மொழியில், அவர்களில் ஒருவரே சொல்லட்டும். சுற்றறிக்கையைவிட உடன் வேலை செய்பவரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

நான்காவது, இருமல். கோவிட் அவசரநிலை 2023 மே 5ஆம் தேதி முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காசநோய்க்கு அப்படி ஒரு முடிவுநாள் இன்னும் வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அல்லது மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். மாமல்லபுரத்தில் சிற்பம் செதுக்குவோரும் கற்பிப்போரும் இதில் இரட்டிப்புக் கவனமாயிருக்க வேண்டும். கல் தூசி நுரையீரலில் படிந்தால் காசநோய் எளிதில் பற்றும். சாதாரணத் துணிக் கவசம் அந்தத் தூசியைத் தடுக்காது. தண்ணீர் தெளித்து அறுப்பதும் தூசிக்கென்றே உள்ள கவசம் அணிவதும் அவசியம்.

காசநோய் என்று தெரிந்தால் ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், அதனால் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்து இல்லை என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு நிரூபித்தது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அவர் தமது நாற்காலிக்குத் திரும்பி வரும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால், அடுத்து இருமுகிறவர் தாமாகவே பரிசோதனைக்கு வருவார்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும், எதனால் வரும் என்று எவராலும் கூற முடியாது. ஆனால் அது வரும் நாளில் உங்கள் வளாகத்தில் முதலில் காய்ச்சல் காண்பவர் துணைவேந்தராகவும் இருக்கலாம், பாத்திரம் கழுவும் அம்மாவாகவும் இருக்கலாம். துணைவேந்தர் விடுப்பெடுத்து ஓய்வெடுப்பார். அந்த அம்மாவும் அன்றைக்கு அச்சமின்றி, "எனக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடியுமா? உங்கள் நிறுவனத்திற்குத் திரும்பியதும் இந்த வாரத்திலேயே அவரிடம் கேட்டுப்பாருங்கள். முடியாது என்று அவர் சொன்னால், உங்கள் வேலை அங்கிருந்தே தொடங்கட்டும்.