மழையும் வாயிற்கதவும்

"வாயில்" என்னும் சொல்லை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது தமிழிலக்கண மரபு. இல்லத்தின் வாய் ஆதலின் "இல்வாய்" என்று வரவேண்டியது, முன்பின்னாக மாறி "வாயில்" என்றாயிற்று. வேண்டியதை ஏற்கவும் வேண்டாததைத் தடுக்கவும் அமைந்த உறுப்பு வாய். மனிதரையும் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டு, மழையையும் பனியையும் புறத்தே நிறுத்துவது வாயிற்கதவின் கடமை. அக்கடமையில் கதவு தவறுமாயின் வீடு முழுவதுமே நலம் கெடுகின்றது.

இவ்வுண்மையை மலையகத் தோட்டத்து மக்கள் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. அவர்கள் வாழும் நீண்ட குடியிருப்பு வரிசைக்கு லயம் என்று பெயர்; அஃது ஆங்கிலச் சொல்லின் திரிபு. லயத்தின் ஒவ்வோர் அறையும் காம்பரா. அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அறைக்கு முன்னுள்ள தாழ்வாரம் இஸ்தோப்பு; அஃது ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து வந்தது. பெயர்களைப் பல நாட்டார் தந்து சென்றனர். மழையோடு போராடும் வேலை மட்டும் அங்கே வாழ்வோருக்கு எஞ்சியது.

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதையின் கோடியில் இருக்கின்றது டயகம. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் விரிந்து கிடக்கின்றது. அம்மலைச் சரிவுகளின் நீரை ஏந்தி வரும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியை அடைகின்றது. பேராறு ஒன்றின் தலைநீர் பிறக்கும் இடத்தில் மழைக்குப் பஞ்சம் ஏது? மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது மழை மேலிருந்து கீழே விழுவதில்லை. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் வந்து கதவைத் தாக்கும். அம்மழை ஓய்ந்த பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் மாலை மழை; தை, மாசியில் இரவுப் பனி. நுவரெலியாப் பகுதியில் அந்நாட்களில் புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு.

இத்தகைய இடத்தில் கதவு உக்கிப் போனால், "பலகை சரியில்லை" என்றோ "தச்சர் சரியாகச் செய்யவில்லை" என்றோ கூறிவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலும் கதவின் பழுது கதவில் தொடங்குவதில்லை. அது கூரை விளிம்பிலோ, முற்றத்துக் கானிலோ, சுவரின் வெடிப்பிலோ தொடங்கிக் கதவில் வந்து முடிகின்றது. இதனை உணராமல் புதிய கதவை மாட்டினால், அதுவும் சில மழைக்காலங்களில் பழைய கதவின் கதியையே அடையும்.

முதலில் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு. அக்குழாய்கள் மரத்தின் நெடுக்கே ஓடுகின்றன. ஆகையால் பலகையின் முகப்பில் பட்ட நீர் மெல்லவே உட்செல்லும். அறுத்த முனையிலோ திரி எண்ணெயை உறிஞ்சுவது போல விரைந்து ஏறும். நெடும்பலகைகளைச் சேர்த்துச் செய்த கதவில் அந்த அறுத்த முனைகள் எங்கே இருக்கின்றன? ஒன்று உச்சியில், மற்றொன்று தரைக்கு ஓர் அங்குலம் மேலே, ஈரத்துக்கு மிக அருகில். கதவை மாட்டிய பின்னர் அதன் அடிவிளிம்பு எவர் கண்ணுக்கும் படுவதில்லை. இரு முகங்களுக்கும் வர்ணம் பூசுவோர் அடிவிளிம்பை விட்டுவிடுகின்றனர். கதவு உக்கத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

உலர்ந்த மரத்தின் நிறையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும்வரை, மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளர இயலாது. மரத்தின் பகைவன் நீரன்று, தங்கிவிட்ட நீரே. மழையில் நனைந்து வெயிலில் உலரும் கதவு நெடுங்காலம் நிற்கும். நனைந்தபடியே கிடக்கும் கதவு நிற்காது. கதவடியில் நீர் புகாதிருக்கச் சாக்கைத் திணித்து வைக்கும் வழக்கம் உண்டு. அச்சாக்கு அன்றைய மழையைத் தடுக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் ஈரத்தைப் பலகையின் முனையோடு அணைத்து வைத்திருக்கும். கொழுந்து பறித்துத் திரும்பியவர் நனைந்த படங்கைக் கதவின் பின்புறம் மாட்டுவதும் அத்தகையதே. அவருக்கு வேறிடம் இல்லை என்பதும் உண்மை. இஸ்தோப்பில் ஒரு கொடியோ நான்கு ஆணியோ அமைத்தால் கதவும் பிழைக்கும். மறுநாட் காலையில் படங்கும் சற்று உலர்ந்திருக்கும்.

நீர் வரும் வழியைக் காண்பது அடுத்த வேலை. கதவின் உட்புறத்தில் காணும் ஈரமெல்லாம் மழை ஒழுக்கு அன்று. அடுப்பின் நீராவியும் உறங்குவோரின் மூச்சும் காம்பராவின் காற்றில் கலந்திருக்கும். நள்ளிரவுக் குளிரில் தகரமும் கதவும் குளிர்ந்தவுடன் அந்த ஆவி அவற்றின்மீது துளிகளாய்ப் படியும். இரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் துண்டின் வெளிமுகத்தில் துளிகள் நின்றால் அது காம்பராவின் ஆவி. காற்றோட்டமே அதற்கு மருந்து. துண்டின் அடியில் ஈரம் நின்றால் அது சுவரையோ மரத்தையோ ஊடுருவி வரும் நீர்.

ஊடுருவும் நீரின் வாசலைக் காண இருவர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று நீரூற்ற, மற்றவர் உள்ளே விளக்கோடு நின்று நோக்க வேண்டும். நீரைக் கதவின் அடியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏற்றிக்கொண்டு போதல் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் பொறுத்தல் வேண்டும். உச்சியில் முதலில் ஊற்றினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். எந்த இடுக்கு குற்றவாளி என்று அறிய முடியாது. ஈரம் தோன்றிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம்.

வாசல் தெரிந்த பின்னரே உளியை எடுக்க வேண்டும். கூரை விளிம்பிலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறித்துக் கதவின் கீழ்ப்பாகத்தை நனைப்பதாயின், பீலி அமைத்து அந்நீரை ஒதுக்க வேண்டும். பீலிக்கு வகையில்லையேல் நீர் விழும் வரிசையில் கருங்கற் சல்லியைப் பரப்பினாலும் தெறிப்பு அடங்கும். நிலையின் மேற்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒழுகுமாயின், தகரப் பட்டி ஒன்றின் மேல் விளிம்பைச் சுவரின் உள்ளே செருகிக் கீழ் விளிம்பைச் சட்டத்துக்கு முன்னே நீட்டிவிட வேண்டும். கதவின் முகத்தில் வழியும் நீர் அடியால் உட்புகுமாயின், வெளிப்புறத்தில் கதவின் அடியோடு சேர்த்து ஒரு சரிவுக் கட்டையை அறைய வேண்டும். அக்கட்டையின் அடிமுகத்தில் நெடுக ஒரு காடி வெட்டுதல் இன்றியமையாதது. நீர் அடிமுகத்தைப் பற்றிக்கொண்டே உள்நோக்கிச் செல்லும் இயல்புடையது. கால் அங்குல அகலமுள்ள காடியைக் கண்டவுடன் அதனைத் தாண்ட மாட்டாமல் அங்கேயே சொட்டிவிடும். வாயிற்படியும் வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் செய்யப்படும் பிழை ஒன்று, கிடைத்த இடுக்கையெல்லாம் சீமெந்தால் அடைப்பது. நீர் புகும் வழியை அடைக்க வேண்டும். புகுந்த நீர் வெளியேறும் வழியை அடைக்கலாகாது. நிலைக்காலின் அடியைச் சீமெந்துத் தரைக்குள் புதைத்தால், அது கிண்ணத்தில் நிறுத்திய கட்டையாய் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

உக்கிய மரத்தைக் கத்தி முனையால் கிளறிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நல்ல மரம் நீண்ட சிம்பாகப் பிளக்கும். உக்கிய மரம் குறுக்கே பொடியாக முறியும். முறியும் பகுதி முழுவதையும் நல்ல மரம் காணும்வரை அறுத்தெடுத்து, எஞ்சியதை நன்கு உலரவிட்டுப் புதிய துண்டைச் சரிவான பொருத்தாக இணைக்க வேண்டும். அச்சரிவு நீரை வெளியே வழியவிடும் திசையில் அமைய வேண்டும். நாகம் பூசிய ஆணிகளே ஏற்றவை. வெறும் இரும்பு கறள் பிடித்து மரத்தையும் கெடுக்கும். பின்னர்க் கதவைக் கழற்றிக் கிடத்தி, அறுத்த முனைகளுக்கு ஆளிவிதை எண்ணெயை ஊறும் மட்டும் தடவி, அது காய்ந்த பின்னர் அடிவிளிம்பு உட்பட எல்லாப் பக்கத்துக்கும் வர்ணம் பூசுதல் வேண்டும். ஈர மரத்தின்மேல் வர்ணம் பூசுவது நோயை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். சில நாளில் வர்ணம் கொப்புளித்து உரியும். ஆகவே இவ்வேலைக்கு உரிய காலம் தை முதல் பங்குனி வரையுள்ள வெயில் நாட்களே.

இதற்கு இத்துணைக் கவனம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், வீட்டினுள் ஈரமும் பூஞ்சணமும் உள்ள இடங்களில் மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துரைத்துள்ளது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவில் சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும் ஒருங்கே நடைபெறுகின்றன. அங்கே கதவடியில் ஒழுகும் நீர் பாயையும் புத்தகத்தையும் குழந்தையின் மார்பையும் ஒரே இரவில் எட்டிவிடும்.

இனி, பழுதுபார்க்க வேண்டியவர் யார் என்னும் கேள்வி உண்டு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. கை மாறினும் லயம் அங்கு வாழ்வோரின் உடைமையாகவில்லை. தனக்கு உரிமையில்லாத கதவுக்குத் தன் கூலியிலிருந்து பலகை வாங்க ஒருவர் தயங்கினால் அதனைச் சோம்பல் என்று சொல்வது நீதியாகாது. நிலத்தோடு தனிவீடு என்னும் திட்டங்கள் நடந்து வருகின்றன. இந்திய உதவியோடு 4,000 வீடுகள் தோட்டப் பகுதிகளுக்கென ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். அவ்வீடுகள் எல்லார்க்கும் வந்து சேரும்வரை லயத்தில் வாழ்வோர் மழையை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

கூரைத் தகரமும் பீலியும் தோட்ட நிருவாகத்திடம் வற்புறுத்திப் பெற வேண்டியவை. தனி ஒருவர் கேட்பதினும் லயத்தார் அனைவரும் கூடிக் கேட்பது பயன் தரும். கானோ அவர்கள் கைக்கு எட்டியது. பத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் நிற்கும்போது, ஒரு வீட்டின் முன் அடைபட்ட கானின் நீர் அடுத்த வீட்டின் படியில் ஏறுகின்றது. ஆகையால் தன் கதவை மட்டும் திருத்தியவர் பாதி வேலையே செய்தவராவார். மே மாதத்து முதற்காற்றுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை எல்லாரும் சேர்ந்து கானைத் துப்புரவாக்கி நீருக்கு வழிவிட்டால், அந்த ஆண்டு பத்துக் கதவுகளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். மண்வெட்டியின் வேலை முடிந்த பின்னரே தச்சரின் வேலைக்குப் பயனுண்டு.