வானத்து அளகநந்தா



அளகநந்தா என்றவுடன் தில்லிவாசிகளாகிய நமக்குத் தென்தில்லிக் குடியிருப்பே முதலில் நினைவுக்கு வரும். பத்ரிநாத யாத்திரை சென்று வந்த பெரியோர்களுக்கோ, திருக்கோயிலின் அடியில் ஆர்ப்பரித்தோடும் நதி கண்முன் நிற்கும். இன்று நாம் பேசப் புகுந்தது மூன்றாவது அளகநந்தாவைப் பற்றி. அது வானத்தில் உள்ளது.

2025ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தவர்கள், புனே தேசிய வானொலி வானியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவர். அவர்கள் கண்டது ஒரு விண்மீன் திரள். நம் சூரியன் அடங்கிய பால்வீதியும் அத்தகைய திரளே. பால்வீதிக்கு இந்தியில் மந்தாகினி என்று பெயர். ருத்ரப்பிரயாகையில் மந்தாகினியோடு கூடும் நதி அளகநந்தா. ஆகவே உடன்பிறந்தாளின் பெயரைச் சூட்டினார்கள். எண்ணையும் எழுத்தையும் கோத்துப் பெயரிடும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்!

அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் ஆயின. வழிநெடுகப் பேரண்டம் விரிந்துகொண்டே வந்தமையால், ஒளியலைகளும் ஐந்து மடங்கு நீண்டுவிட்டன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகக் கிளம்பியது, அகச்சிவப்புக் கதிராக வந்து சேருகிறது. பார்சலில் ஒட்டிய சீட்டைக் கண்டு, அது புறப்பட்ட நாளைச் சொல்வது ரயில்வே குமாஸ்தாவின் தொழில். அலை நீண்ட அளவைக் கண்டு, ஒளி புறப்பட்ட காலத்தைச் சொல்வது வானியலாரின் தொழில்.

அக்கதிரில் பெரும்பகுதியை நமது காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். பூமியும் கருவியும் தாமே வெப்பக் கதிரை வீசுவதால் இடையூறு வேறு. மே மாத நண்பகலில், இத்தில்லியின் வெயிலில் நின்று அகல் விளக்கின் சூட்டை உணர முயல்வது போன்றது அது! ஆகவேதான் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 2021 டிசம்பர் 25 அன்று ஏவி, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தினார்கள். பொன்முலாம் பூசிய 18 துண்டுகளால் ஆன அதன் ஆடி 6.5 மீட்டர் அகலமுடையது. ஐந்தடுக்குத் திரையொன்று வெயிலை மறைக்கிறது.

அது காட்டிய காட்சிதான் வியப்புக்குரியது. பேரண்டம் தோன்றி 150 கோடி ஆண்டுகளே ஆன காலம் அது. அக்காலத்துத் திரள்கள் உருவம் கூடாமல் கலங்கிக் கிடக்கும். ஒழுங்கான தட்டும் சுருள் கரங்களும் அமைய நெடுங்காலம் வேண்டும் என்றே அறிஞர்கள் கருதியிருந்தார்கள். அளகநந்தாவுக்கோ செவ்வையாகச் சுழன்ற இரு கரங்கள்! அகலம் சுமார் 30,000 ஒளியாண்டு. ஆண்டொன்றுக்குச் சுமார் 60 சூரியன்களின் அளவுக்குப் புதிய விண்மீன்கள் அங்கே பிறந்துகொண்டிருந்தன. நமது பால்வீதியில் இன்று நிகழ்வதைவிட இது பன்மடங்கு அதிகம்.

இத்துணை விரைவில் அக்கரங்கள் எவ்வாறு அமைந்தன? குளிர்ந்த வாயு சீராக வந்து சேர்ந்ததாலா, அருகே சென்ற சிறு திரளொன்று இழுத்ததாலா? அத்தட்டின் சுழற்சியை அளந்தால் ஓரளவு தெளிவு பிறக்கும்.

தொலைநோக்கி அமெரிக்கா, ஐரோப்பா, கனடா ஆகியவற்றின் கூட்டு முயற்சி, நமதன்று. எனினும் இவ்வாராய்ச்சிக்குப் பயன்பட்ட படங்கள் எவரும் எடுத்து ஆராயுமாறு பொதுவில் வைக்கப்பட்டவை. நம் காலனியில் பௌதிகம் பயிலும் பெண்களும் பிள்ளைகளும் அவற்றை இன்றிரவே பார்க்கலாம்.

இப்போது விளக்கை அணைத்து, அளகநந்தாவின் படத்தைத் திரையில் காட்டுவார்கள். கரங்கள் இரண்டுதானா என்று முன்வரிசைக் குழந்தைகள் எண்ணிச் சொல்லட்டும்.