சிறாரும் சித்திர நூலும்

(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐந்து வயதிற்குட்பட்ட நம் சிறார்க்குக் கதை பயில்வதற்கெனச் சங்கத்துக் கல்வி நிதியினின்று பலகைக் கணினிகள் வாங்கித் தருதல் வேண்டுமென்று இளைஞர் சிலர் ஒரு தீர்மானம் கொணர்ந்துள்ளனர். அதனை மறுத்தற்கே எழுந்தோம். எனினும் எம் குற்றம் ஒன்றை முதற்கண் ஒப்புக்கொள்ளக் கடவோம். இச்சொற்பொழிவிற்குக் குறிப்பெழுதிய மாலையில், மூன்று வயதினளாகிய எம் இளைய மகள் மடியேறி இடர்செய்ய, கைபேசியைக் கையிற் கொடுத்தே அவளை அமர்த்தினோம். கதை தானே பேசிற்று. படம் தானே ஆடிற்று. அக்குரல் பழத்தைப் 'பளம்' என்றது, அதுவும் தமிழாசிரியன் வீட்டில்! ஆயினும் எம்மை உறுத்தியது அதுவன்று. அரைமணி நேரம் எம் மகள் எம்மை ஒன்றும் வினவவில்லை.

1658-ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரத்தில் கொமேனியஸ் என்னும் ஆசிரியர், இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அமையச் சிறார்க்கென ஒரு படநூல் வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் காகம் கரைவதும் ஆடு கத்துவதும் எழுத்தொலிக்குப் பாடமாயின. படத்தின் உறுப்புக்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களையே உரிய சொற்களுக்கும் இட்டார். எண்ணைத் தொட்டுக் காட்ட ஒரு விரலும், காகம்போற் கரைந்து காட்ட ஒரு வாயும் வேண்டுமன்றோ? அருகில் ஒருவர் அமர்ந்திருப்பார் என்று எண்ணியே அந்நூல் இயற்றப்பட்டது. அவர்தம் வேலையைத் தானே செய்துவிடுங் கருவி, அவரை எழுந்து போகச் சொல்லுகின்றது.

இஃது எம் கற்பனை அன்று. அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 37 பெற்றோரைத் தத்தம் இளங்குழந்தையோடு அமர்த்தி, அச்சுநூலையும் மின்னூலையும் படிக்கச் செய்து, 2019-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். மின்னூலின்கண் கதைபற்றிய உரையாடல் குறைந்தது. கருவியைப்பற்றிய பேச்சு மிகுந்தது. அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனமும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளார் திரைமுன் அமர்ந்திருத்தல் நாளொன்றுக்கு ஒரு மணியை விஞ்சலாகாது என்றது.

நிற்க. இளைஞர் கூற்றிலும் உண்மை உண்டு. படநூல் ஒன்றுமில்லாத இல்லங்கள் நம்முள் பல. கைபேசி இல்லாத இல்லம் அரிது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டுக்கொள்ளவும் இசைவு உண்டு. ஒலியை அடக்கிவிட்டுத் தாயே படித்துக்காட்டுவாளாயின், அக்கைபேசியை யாம் பழியோம். ஆனால் அதன்பொருட்டுப் புதிய கருவி வாங்குவானேன்?

ஒரு கருவியின் விலைக்குப் பல பத்துப் படநூல்கள் வாங்கலாம். அவற்றைப் பெட்டியிலிட்டு வாரந்தோறும் வீடு வீடாகச் சுழலச் செய்யலாம். அவை கிழியும், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். முதற்கொடையாக எம் மகளின் நூல்கள் ஏழினைக் கொணர்ந்துள்ளோம். ஒன்றில் யானைக்குத் துதிக்கை இல்லை, அவள் கிழித்ததே. அப்பக்கம் வருந்தோறும் அது எங்கே என்று அவளே எம்மை வினவுவாள். நாளுக்கொரு விடை கூறி வந்தோம்.

தீர்மானத்தில் 'பலகைக் கணினிகள்' என்றவிடத்துப் 'படநூற் பெட்டி' எனத் திருத்தி நிறைவேற்றுமாறு சபையோரை வேண்டிக்கொள்கின்றோம்.