சிறுநீரில் ஒருமுறை இரத்தம் வந்தாலும்



சிறுநீர் சிவந்து போனால் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்பதுதான். குடிக்கிறோம். மறுநாள் நிறம் தெளிந்துவிடுகிறது. குணமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஆபத்து அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

சிவப்பெல்லாம் இரத்தம் அல்ல. பீட்ரூட் சாப்பிட்டாலும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் மருந்து எடுத்துக்கொண்டாலும் சிறுநீரின் நிறம் மாறும். இரத்தமா இல்லையா என்பதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே சொல்லிவிடும்.

இரத்தம்தான் என்றால் காரணங்கள் பல. நீர்க்கடுப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கிருமித்தொற்று. விலாவில் தொடங்கித் தொடை இடுக்கு வரை இழுக்கும் வலி, கல்லடைப்பைக் காட்டும். குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் ஒரு காரணம்.

வலி இருந்தால் நாமே மருத்துவரைத் தேடி ஓடுவோம். வலியே இல்லாமல் வரும் இரத்தத்தைத்தான் அலட்சியப்படுத்துகிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான். ஒருநாள் வரும், தானே நின்றுவிடும், பல வாரங்கள் கழித்து மறுபடி வரும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். புகையின் நச்சுகள் சிறுநீரோடு கலந்து, மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையில் தங்கி, அதன் உட்சுவரைக் கெடுக்கின்றன.

மருத்துவர் சிறுநீரைச் சோதிப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தேவைப்பட்டால் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியே செலுத்திப் பார்ப்பார். சில நிமிட வேலைதான், பயம் வேண்டாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியாகக் கட்டியை அகற்றிவிட முடியும்.

இதய நோய்க்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், "மாத்திரையால்தான் வருகிறது" என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். இரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீரே பிரியாவிட்டால், உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

தாய்மார்களே, மாதவிலக்கின் மிச்சம் என்று நினைத்து இதைத் தள்ளிவிடாதீர்கள். பெரியவர்களே, கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். ஒருமுறை வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானே நின்றுவிட்டாலும், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.