இணையச் சமூகங்களில் ஊதியமில்லா உழைப்பு

நாட்டு வருமானக் கணக்கில் இடம்பெறாத உழைப்பு பலவகைப்படும். இல்லத்தில் பெண்கள் ஆற்றும் சமையல், குழந்தை வளர்ப்பு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை என்பது பொருளாதார மாணவர் அனைவரும் அறிந்ததே. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத் தன்னார்வப் பணியும் தனியே கணக்கிடப்பட்டது. அப்பணியாளருள் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவினரைப் பற்றியது இவ்வுரை. இணையத்தில் பலர் கூடிப் பேசும் இடங்களை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களே அவர்கள். ‘மாடரேட்டர்’ என்றும் ‘அட்மின்’ என்றும் மக்கள் இவர்களை அழைக்கின்றனர்.

இவர்கள் செய்வது என்ன? விளம்பரக் குப்பையை அகற்றுவது, வசைமொழியை நீக்குவது, பொய்த் தகவலைத் தடுப்பது, இரு தரப்பாரின் சச்சரவைத் தீர்ப்பது, புதிதாக வந்தவருக்கு விதிகளை விளக்குவது. இப்பணிகள் நாள்தோறும் நடைபெற வேண்டியவை. ஒரு நாள் நின்றாலும் விளைவு தெரிந்துவிடும். ஆனால் ஒழுங்காக நடைபெறும்போது அதன் விளைவு எவர் கண்ணிலும் படுவதில்லை. அகற்றப்பட்ட குப்பையைப் படித்தவர் எவரும் இல்லை. ஆகவே அதை அகற்றியவருக்கு நன்றி சொல்லவும் எவரும் இல்லை. மாறாக, எவருடைய பதிவு நீக்கப்பட்டதோ அவர் தவறாமல் கடிதம் எழுதுகிறார். பயனடைந்த ஆயிரம் பேர் மௌனமாக இருக்க, பாதிக்கப்பட்டதாகக் கருதும் ஒருவரின் குரலே மட்டுறுத்துநரை வந்தடைகிறது. தம்மை எவரும் மதிப்பதில்லை என்று இவர்கள் குறைகூறுவதற்கு இப்பணியின் அமைப்பே முதற்காரணம்; பயனாளிகள் நன்றி கெட்டவர்கள் என்பதன்று.

அவ்வாறாயின் இவர்கள் ஏன் விலகுவதில்லை? பொருளாதார நூல்கள் தரும் வழக்கமான விடைகள் சில உண்டு. பிறருக்குக் கொடுப்பதில் கொடுப்பவருக்கே ஓர் உள்ளக் களிப்பு உண்டு என்பதை 1990ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஆண்டிரியோனி தம் கோட்பாட்டில் இணைத்தார். நற்பெயர் கிடைக்கும், தொழில் அனுபவம் கிடைக்கும் என்பாரும் உளர். இவை ஒருவர் இப்பணியில் சேர்வதற்குப் போதிய காரணங்களே. ஆனால் களிப்பு வற்றி, நற்பெயரும் கேள்விக்குரியதான பின்னரும் அவர் தொடர்வதை இவை விளக்கவில்லை.

தக்க விளக்கம் வேறோர் இடத்தில் கிடைக்கிறது. 1970ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், ஒரு நிறுவனத்தின் தரம் சீர்கெடும்போது அதனைச் சார்ந்தோர் விலகுகிறார்களா, குரல் எழுப்புகிறார்களா என்பதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். நைஜீரிய இரயில்வேயைக் கண்டு எழுந்த சிந்தனை அது. லாரிகளின் போட்டி இருந்தும் அந்த இரயில்வே திருந்தவில்லை. ஏனெனில், குரல் எழுப்பித் திருத்தக்கூடியவர்களே சரக்குகளை லாரிக்கு மாற்றிக்கொண்டு சென்றுவிட்டனர். சந்தைப் பொருளில் தரத்தை மிகவும் விரும்புவோரே முதலில் விலகுகின்றனர்.

ஆனால் பொதுநலப் பொருளின் நிலை வேறு என்பதையும் ஹிர்ஷ்மன் அந்நூலிலேயே எடுத்துக்காட்டினார். பொதுப்பள்ளியிலிருந்து தம் குழந்தையை எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்த பெற்றோர், பொதுக்கல்வி சீர்கெட்ட சமுதாயத்தில்தான் தொடர்ந்து வாழவேண்டும். அவர்கள் விலகினாலும் அதன் விளைவிலிருந்து விலக முடிவதில்லை. தாம் விலகுவதாலேயே தரம் மேலும் தாழும் என்று அறிந்தவர் விலகத் தயங்குவது இயல்பே.

மட்டுறுத்துநரின் நிலை இதுவே. நீரிழிவு நோயாளிகள் தம் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவைப் பத்தாண்டுகள் காத்துவந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தாம் விலகிய மறுவாரமே போலி மருந்து விற்போர் அங்கு நுழைவர் என்பது அவருக்குத் தெரியும். அதனைப் படித்து எவரேனும் இன்சுலினை நிறுத்தக்கூடும் என்பதும் தெரியும். நன்றி வராததால் ஏற்படும் மனத்தாங்கலை ஒரு தட்டிலும் இந்த அறிவை மறு தட்டிலும் வைத்தால், எத்தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை. இடம் சீர்கெடச் சீர்கெட விலகுவது மேலும் கடினமாகிறது. இதனை வெறும் தியாகம் என்பது பொருந்தாது. தாம் கட்டியதன்மீது கொண்ட உடைமையுணர்வும் இதில் கலந்துள்ளது.

2023ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் இவ்விளக்கத்திற்குச் சான்று பகர்கின்றன. ரெட்டிட் என்னும் அமெரிக்க நிறுவனம், வெளியார் உருவாக்கிய செயலிகள் தன் தரவுகளைப் பெறுவதற்குக் கட்டணம் விதிக்க முற்பட்டது. மட்டுறுத்துநர் பலர் தம் பணிக்கு நம்பியிருந்த கருவிகளும், பார்வையற்றோர் பயன்படுத்திய செயலிகளும் இதனால் நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. ஜூன் 12ஆம் நாள் முதல் 8,000-க்கும் மேற்பட்ட குழுக்களை மட்டுறுத்துநர்கள் மூடினர். நிறுவனம் பார்வையற்றோருக்கான செயலிகள் சிலவற்றுக்கு விலக்களித்தது. மூடிய குழுக்களைத் திறக்க மறுப்போருக்குப் பதிலாக வேறு ஆட்களை அமர்த்தலாம் என்றும் எச்சரித்தது. பெரும்பாலோர் மீண்டும் திறந்தனர். அதே மாதத்தில் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளத்தின் மட்டுறுத்துநர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினர். செயற்கை நுண்ணறிவு எழுதிய விடைகளை நீக்கும் அவர்களது அதிகாரம் குறைக்கப்பட்டதே காரணம். ஆகஸ்டில் அங்கு உடன்பாடு ஏற்பட்டது.

இவ்விரு போராட்டங்களிலும் ஊதியம் கோரிக்கையாக எழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பணியைச் செம்மையாகச் செய்வதற்கான கருவி, முடிவெடுக்கும் அதிகாரம், கலந்துபேசும் மரியாதை ஆகியவையே கேட்கப்பட்டன. இவர்கள் மதிப்பு என்று சொல்வது இதைத்தான். விலகமாட்டார் என்று தெரிந்தவரின் எச்சரிக்கைக்கு வலு குறைவு. அதனை நிறுவனங்களும் நன்கு அறிந்தே நடந்துகொள்கின்றன.

இவ்வுழைப்பின் பண மதிப்பு என்ன? ரெட்டிட்டின் மட்டுறுத்துநர்கள் 2020ஆம் ஆண்டில் நாளொன்றுக்குக் குறைந்தது 466 மணி நேரம் உழைத்தனர் என்றும், அதன் மதிப்பு ஆண்டுக்கு 34 லட்சம் டாலர் என்றும் ஹான்லின் லீ முதலிய ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டனர். அந்நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வருவாயில் இது 2.8 சதவீதம். 2024 மார்ச்சில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தபோது, மட்டுறுத்துநர்களுக்கும் 34 டாலர் வெளியீட்டு விலையிலேயே பங்குகளை வாங்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. பரிசைப் பெறுவதற்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது!

ஊதியம் கொடுத்தால் தன்னார்வம் குன்றும் என்ற வாதமும் பழமையானது. இரத்ததானத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1970ஆம் ஆண்டில் இவ்வாறு வாதிட்டார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதனை எங்கு பயன்படுத்துவது என்பதில் எச்சரிக்கை தேவை. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் பணியாற்றும் ஆஷா பெண்களும் கௌரவத் தன்னார்வலர் என்றே அழைக்கப்படுகின்றனர். அவர்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகையே. 2022ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியது. பாராட்டு வந்துவிட்டது, ஆயினும் மாதச் சம்பளம் கோரும் போராட்டங்கள் பல மாநிலங்களில் தொடர்ந்தன. அவர்களுக்கு அப்பணி வாழ்வாதாரம். டிட்மஸின் வாதத்தை அவர்களிடம் கூறுவது நியாயமாகாது.

தன்னார்வம் எவ்விடத்தில் வேலையாக மாறுகிறது என்ற கேள்வி இணையத்திலும் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1990-களில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களைக் கொண்டு தன் உரையாடல் அறைகளைக் கண்காணித்தது. அவர்களுக்குக் கைம்மாறு இலவச இணைய இணைப்பு. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய காலத்தில் அது பெரும் சலுகை. 1996 இறுதியில் மாதக் கட்டணம் வந்ததும் அதன் மதிப்பு சரிந்தது. நேர ஒதுக்கீடும் பணி அறிக்கையும் கேட்கும்போது இது வேலையல்லாமல் வேறென்ன என்று முன்னாள் தன்னார்வலர்கள் 1999ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 2005ஆம் ஆண்டில் அத்திட்டம் முடிவுற்றது. 2010ஆம் ஆண்டில் ஒன்றரைக் கோடி டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று.

இலாப நோக்கற்ற விக்கிப்பீடியாவில் வேறொரு பாடம் கிடைக்கிறது. மிகுதியாகப் பங்களிக்கும் 200 ஆங்கிலப் பதிப்பாசிரியர்களைத் தேர்ந்து, அவர்களுள் பாதிப் பேருக்கு மட்டும், சக பங்களிப்பாளர் வழங்கும் நட்சத்திரப் பதக்கத்தின் படம் அனுப்பப்பட்டது. அடுத்த 90 நாட்களில் பதக்கம் பெற்றோரின் உழைப்பு பெறாதோரினும் 60 சதவீதம் மிகுந்திருந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு வியப்பளிப்பது. செலவு ஏதுமில்லை, யாரோ ஒருவர் கவனித்தார் என்பதே போதுமானதாயிற்று.

இந்திய மொழிகளில் நிலைமை மேலும் நெருக்கடியானது. ஆங்கில விக்கிப்பீடியாவில் நிர்வாகிகள் நூற்றுக்கணக்கில் உள்ளனர். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் உள்ளிட்ட நம் மொழிகளில் அவ்வெண்ணிக்கை பத்துகளில், சிலவற்றில் அதனினும் குறைவு. ஒருவர் விலகினாலே சுமை கூடுவது கண்கூடாகத் தெரியும். இதனுடன் சட்ட அச்சமும் சேர்ந்துள்ளது. 2024ஆம் ஆண்டில் ஒரு செய்தி நிறுவனம் விக்கிமீடியா அறக்கட்டளைமீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், கட்டுரையைத் திருத்திய தன்னார்வலர்களின் விவரங்களும் கோரப்பட்டன. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடக நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் பொறுப்பதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்கின்றன. அவர்கள் சம்பளம் பெறுவோர். சம்பளமில்லாத மட்டுறுத்துநரின் கடமையும் பாதுகாப்பும் எவை என்பது பற்றி அவ்விதிகளில் தனி ஏற்பாடு இல்லை.

பாராட்டுச் சான்றிதழ்களைவிட இவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது, மனச்சான்று உறுத்தாமல் ஓய்வெடுக்க ஒரு வழி. ஓராண்டோ ஈராண்டோ எனப் பொறுப்புக்குக் காலவரையறை வைத்து, பொறுப்பை ஏற்க அடுத்தவரை முன்கூட்டியே பழக்கிவிட்டால், விலகுவது கைவிடுவதாகத் தோன்றாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் நெடுநாள் செயற்படாத நிர்வாகியின் அதிகாரம் எடுக்கப்படுகிறது. அவர் உரிய காலத்திற்குள் திரும்பிவந்து கேட்டால், வழக்கமாக மீண்டும் அளிக்கப்படுகிறது.