முதியோரின் மனத்துயரும் மருத்துவமும்



காளை ஒரு வேளை தீவனத்தைத் தொடாமல் நின்றால், மறுநாளே கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். வீட்டுப் பெரியவர் ஒரு மாத காலம் சரிவர உண்ணாமலும் உறங்காமலும், ஒருவரோடும் பேசாமல் திண்ணையில் அமர்ந்திருந்தாலோ, “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறோம். அவரும் அதையே சொல்கிறார். ஆனால் மனச்சோர்வு மூப்பின் இயல்பு அன்று. அது ஒரு நோய். பெரும்பாலும் சிகிச்சையால் குணமாகக் கூடியது.

முதியோர் ஏன் மருத்துவரிடம் செல்ல மறுக்கிறார்கள்? “எனக்கென்ன பைத்தியமா?” என்பதே அவர்களது முதற் கேள்வி. அவர்கள் இளமையில் மனநோய் என்றால் கீழ்ப்பாக்கம் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பெயரே வசைச் சொல்லாக வழங்கிற்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தீக்கு இரையாகி 28 பேர் மாண்டதையும் அவர்கள் மறக்கவில்லை. பேத்தியின் கலியாணம் தடைப்படுமே என்ற கவலை வேறு. இந்த அச்சம் காரணமற்றது என்று நம்மால் சொல்ல முடியாது. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை.

மேலும், பெரியவர்கள் மனம் சரியில்லை என்று வாய்விட்டுக் கூறுவதில்லை. வயிறு எரிகிறது, தலை கிறுகிறுக்கிறது என்பார்கள். ஓர் ஊரில் ஒரு மூதாட்டியைக் கண்டோம். கணவர் மறைந்தபின் ஓராண்டுக் காலம் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை உண்டு வந்தவர். “இரவில் உறங்குகிறீர்களா, ஆத்தா?” என்று வினவினோம். “மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பிறகு அவர் படுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்” என்றார். அதுவரை எவரும் அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்துள்ளது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். பெரும்பாலோர் அங்கே தங்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். தைராய்டுக் கோளாறும் சில சத்துக் குறைவுகளும் சோர்வைத் தருமாதலால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்தே நாளில் “பயனில்லை” என்று நிறுத்திவிடுவது நம்மவர் செய்யும் பெருந்தவறு. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இவ்வசதி 2022 அக்டோபரில் தொடங்கியது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். “நான் இருந்து என்ன பயன்?” என்று பெரியவர் சொன்னால் அதை வெறும் புலம்பலாகக் கொள்ளலாகாது. அன்றே வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டி வைத்து, சாவியைப் பிறரிடம் கொடுங்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த மூதாட்டி முதலில் வர மறுத்தார். அவ்வூர் ஊராட்சி உறுப்பினரான அம்மையார், “எனக்கும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், துணைக்கு வாருங்கள், ஆத்தா” என்றார். இருவரும் ஒரே பேருந்தில் மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றனர். மறு மாதம் மூதாட்டியே முதலில் பேருந்து நிறுத்தத்தில் வந்து காத்திருந்தாராம்.